என் பெயரை அழிக்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்

தவக்காலம் தொடங்குவதற்கு முதல்நாள் ஸ்காபரோவில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். வழக்கமாக நான் "கொஞ்சம் பெருமை, ஃபாதர்" என்று சொல்லி, அதைக் கோபத்துக்கும் சாப்பாட்டு ஆசைக்கும் நடுவில் சத்தமில்லாமல் தள்ளிவிடுவேன். இந்தமுறை ஃபாதர் பிடித்துக்கொண்டார். "உங்கள் பெயர் தேவையில்லாத இடத்தில் எங்கேயாவது இருக்கிறதா? இருந்தால் எடுத்துவிடுங்கள். தாழ்மை என்பது இப்படிச் சின்னச் சின்ன வேலைதான்" என்றார். எங்கள் பழைய மாணவர் சங்கத்தை நினைத்துச் சொல்லியிருப்பார். அதில் எனக்கு மூன்று பதவிகள். எனக்கு நினைவு வந்ததோ கொட்டாஞ்சேனைக் கோயிலில் கிடக்கும் ஒரு வாங்கு, பூசைக்கு வருபவர்கள் உட்காரும் மர ஆசனம்.

"ஒரு பேரை அழிக்கக் கொழும்புக்கா?" என்று கேட்டாள் என் மனைவி றோசி. "பெயின்டருக்கு ஒரு கோல் எடுத்தா முடிஞ்சுது."

"தாழ்மையை போனில செய்ய ஏலாது" என்றேன். அந்த வசனம் எனக்கே மிகவும் பிடித்துப்போய், அன்று பின்னேரத்துக்குள் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன்.

வாங்கின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடங்களுக்கு முன் எங்கள் அம்மா திரேசம்மா கொட்டாஞ்சேனையில் காலமானார். அவர் பூசை கண்ட கோயிலுக்கு நினைவாக ஒரு வாங்கு செய்து கொடுப்பதென்று நானும் என் ஒரே தங்கச்சி ஜெசிந்தாவும் பேசிக்கொண்டோம். இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன வாங்கு. அதன் முதுகுப் பலகையில், பின்வரிசையில் இருப்பவர்களின் கண்ணில் படும்படி, அம்மாவின் பெயர் மட்டும். ஆனால் நான் டொரொண்டோவிலிருந்து தச்சருக்குத் தனியாக கோல் எடுத்து என் பெயரையும் போடச் சொன்னேன். "கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும்" என்றும் சொன்னேன். வெளிநாட்டுக்காரர் ஆசைப்படுகிறார் என்று அவரும் தாராளமாக எழுதினார். "ச. பீலிக்ஸ் மரியதாஸ், டொரொண்டோ, கனடா" என்று எழுதி முடித்தபோது பலகையும் முடிந்துவிட்டது. ஆகவே அம்மாவின் பெயரைக் கீழே, பின்வரிசைக்காரர் முழந்தாளிடும் பலகையில் எழுதிவிட்டார்.

வாட்ஸ்அப்பில் படம் வந்தது. திருத்தச் சொல்லியிருக்கலாம். நான் அதை இருபது பேருக்கு அனுப்பினேன். அடுத்த நாள் ஜெசிந்தா கோல் எடுத்தாள்.

"அம்மாட பேர ஏன் அண்ணா காலுக்குக் கீழ போட்டனீங்க?"

"காலுக்குக் கீழ இல்ல, முழங்காலுக்குக் கீழ" என்றேன். பகிடி என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எட்டு வருடம் என் கோலை எடுக்கவே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு இருதய ஒப்பரேஷன் நடந்தபோதும் அவளிடமிருந்து ஒரு சொல் வரவில்லை.

ஆகவே என் திட்டம் சின்னது. கோயிலுக்குப் போய் என் கையாலேயே என் பெயரைச் சுரண்டி அழிப்பது, தங்கச்சி அதைப் பார்த்து மனம் இரங்கி என்னோடு கதைப்பது. திங்கட்கிழமை திரும்பும் விமானம். புதன் காலை இறங்குகிறேன். இதற்குள் இரண்டும் நடக்க வேண்டும்.

விமானத்திலேயே சில விரதங்கள் எடுத்துக்கொண்டேன். "எங்கட கனடாவில" என்று எந்த வசனத்தையும் தொடங்குவதில்லை. யார் முந்தினாலும் விட்டுக்கொடுப்பது. யாரையும் திருத்துவதில்லை. என்னைப்பற்றி எவராவது பிழையாக நினைத்தால், நினைக்கட்டும், மறுத்துக் கதைப்பதில்லை. பக்கத்துச் சீட்டுக்காரர் என் கைப்பிடியை எடுத்துக்கொண்டார். கொடுத்துவிட்டு, கொழும்பு வரைக்கும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வந்தேன்.

வெள்ளவத்தையில் என் பழைய அலுவலகச் சிநேகிதன் கணேசலிங்கத்தின் வீட்டில் தங்கினேன். கடற்கரைப் பக்கம் ஐந்தாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. "கனடாவில" என்று வாய் வரைக்கும் வந்த வசனத்தைப் படியிலேயே விழுங்கினேன். மேலே இடியப்பமும் சொதியும் கட்டச் சம்பலும் காத்திருந்தன. இருதயக்காரன் என்பதற்காக என் சொதியில் மட்டும் தேங்காய்ப்பாலைக் குறைத்திருந்தார் கணேசின் மனைவி. மனம் நொந்தது. தாழ்மையோடு குடித்தேன்.

"கனடாவில இப்ப குளிரோ?" என்று கேட்டான் கணேஸ்.

"கொஞ்சம்."

"சினோ கொட்டுதோ?"

"அளவா."

இப்படியே பத்து நிமிடம். கணேஸ் மனைவியைப் பார்த்து, "இவனுக்கு ஏதோ வருத்தம். முந்தியெண்டா வாயை மூடமாட்டான். இப்ப வாயைத் திறக்கிறானில்லை" என்றான். விரதத்தைச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் சம்பல் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

வியாழக்கிழமை, காலி நகருக்குப் போகும் காலி வீதியில் ஒரு ஓட்டோ பிடித்தேன். சாரதி சிங்களத்தில் கதைத்தார். "அண்ணே, கொட்டாஞ்சேனைக்கு எனக்கு ஒரு குறுக்கு வழி தெரியும், பாருங்கள்" என்றார். நான் பிறந்து வளர்ந்த இடம். அவர் பிழையாகத் திரும்பியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. யாரையும் திருத்துவதில்லை அல்லவா? வாயை இறுக்கிக்கொண்டு இருந்தேன். அவர் இரண்டு முறை சுற்றி, ஒருமுறை வந்த வழியே திரும்பி, கடைசியில் புதுக்கடையில் நீதிமன்றத்துக்கு முன்னால் பெருமையோடு நிறுத்தினார். "இங்கேயிருந்து கிட்டத்தான்" என்றார். இவ்வளவு நேரம் சுற்றி அவர் சொன்ன முதல் உண்மை அது.

கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவில் முழித்துக்கொண்டு நின்ற என்னை ஒரு கிளாக்கர் பிடித்தார். கையில் கோப்புக் கட்டு.

"வழக்கோ ஐயா? காணிப் பிரச்சினையோ?"

பிழையாக நினைத்தால் மறுப்பதில்லை. "சகோதரத்துக்குள்ள ஒரு பிரச்சினை" என்றேன்.

"அப்ப காணிதான்" என்று சொல்லி, என்னைப் பக்கத்துக் கடைக்குள் கூட்டிப்போய் இருத்தினார். பருப்பு வடையும் இஞ்சி போட்ட பிளேன்டீயும் வாங்கித் தந்தார். தன் மூத்த அண்ணனோடு தனக்குள்ள வழக்கை முழுதாகச் சொன்னார். அண்ணன் முதலில் வந்து கதைத்தால் இன்றைக்கே விட்டுவிடுவாராம். "நீங்க போய்க் கதைச்சா என்ன?" என்று கேட்டேன். "அதெப்படி?" என்று அதிர்ச்சியோடு பார்த்தார். வடை அருமையான வடை.

அங்கிருந்து கோயிலுக்குப் பதினைந்து நிமிட நடைதான். நான் நடக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஜெசிந்தா என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறி வெள்ளவத்தைக்குத் திரும்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை துணிந்து புறப்பட்டேன். புறக்கோட்டையில் கொட்டாஞ்சேனைப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு நின்றேன். விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து மூன்று பஸ் போய்விட்டது. நாலாவதில், மீன் கூடையோடு வந்த ஒரு அம்மா "ஏறுங்கோ ஐயா, இல்லாட்டித் தள்ளுங்கோ" என்று முதுகில் இடித்து ஏற்றிவிட்டா. கொட்டாஞ்சேனை வந்தது. இறங்குபவர்கள் எல்லோரும் முதலில் இறங்கட்டும் என்று ஒதுங்கி நின்றேன். அதற்குள் ஏறுபவர்கள் ஏறினார்கள். அவர்களுக்கும் ஒதுங்கினேன். பஸ் புறப்பட்டுவிட்டது. "நீங்கள் இறங்கப் போகிறீர்களா, கதவுக்குக் காவல் நிற்கப் போகிறீர்களா?" என்று சிங்களத்தில் கேட்டார் கொண்டக்டர். பஸ் முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். மட்டக்குளியில் போய் இறங்கி, ஒரு தேநீர்க் கடையில் ஆவி பறக்க இரண்டு மாலு பாண் சாப்பிட்டேன். தவக்கால வெள்ளிக்கிழமை இறைச்சிதான் ஆகாது, மீன் வைத்த பணிஸுக்குத் தடையில்லை. உள்ளே மிளகு சுள்ளென்று இருந்தது. மூன்றாவதும் சாப்பிட்டேன். திரும்பும் பஸ்ஸில் எல்லோரையும் இடித்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினேன்.

கோயிலில் யாருமில்லை. ஊதா நிறத் துணி, மெழுகு வாசம், மேலே சுழன்றுகொண்டிருந்த விசிறிகள். இடதுபக்கத் தூணோரம் என் வாங்கு. மண்ணிறப் பலகையில் மஞ்சள் எழுத்தில் என் பெயர், தூரத்திலிருந்தே வாசிக்கலாம். கிட்டப் போனால் நடுவில் "மரியதாஸ்" மட்டும் தேய்ந்து மங்கியிருந்தது. அதை அழிக்க வந்தவனுக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? மட்டமான பெயின்ட் பூசி ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபம் வந்தது. கீழே முழங்கால் பலகையில் அம்மாவின் பெயர் புத்தம் புதிதாக இருந்தது. முழங்கால் படுகிற இடத்தில் எழுத்து எப்படித் தேயாமல் இருக்கிறது என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

"ஆர் அது?" என்று பின்னால் குரல். கோயிலின் பங்குச் சபைச் செயலாளர் லீனஸ். அறுபது வயது, மைக் இல்லாமலே மைக்கில் கதைப்பது போன்ற தொண்டை. வந்த காரியத்தைச் சொன்னேன். லீனஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தன்ட பேரைத் தானே அழிக்கிறதுக்குக் கனடாவில இருந்து! இந்தக் காலத்தில ஆர் செய்வான்? நாளைக்குப் பின்னேரம் அழியுங்க. ஞாயிறு பூசை முடிய நான் அறிவிக்கிறன். தவக்காலம், மாலை போட ஏலாது. பொன்னாடை போடுவம்."

"ஐயோ, வேண்டாம்" என்றேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், அதுவும் மெதுவாக.

ஜெசிந்தாவைப்பற்றிக் கேட்டேன். சனிக்கிழமைப் பின்னேரங்களில் மெழுகுதிரிக் கால்களைத் துலக்க வருவாளாம். பிறகு அந்தத் தூணோரம், என் வாங்குக்குப் பின்வாங்கில்தான் இருப்பாளாம். எப்போதும் அதே இடந்தானாம்.

அன்று பின்னேரம் றோசிக்கு கோல் எடுத்து, பொன்னாடைக்கு நீலச் சேட் பொருந்துமா வெள்ளைச் சேட் பொருந்துமா என்று கேட்டேன். "ஃபாதர் உங்களுக்குப் பரிகாரம் போதாமத்தான் தந்திருக்கிறார்" என்றாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு இரண்டு சாண்ட் பேப்பரோடும் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடும் போனேன். ஸ்க்ரூ டிரைவர் எதற்கென்று கேட்காதீர்கள். ஹாட்வெயார் கடைக்காரர் இதுவும் தேவைப்படும் என்றார், மறுக்கவில்லை. பின்வாங்கில் உட்கார்ந்து, சாண்ட் பேப்பரை மடித்து, "ச." என்ற எழுத்தில் வைத்து இரண்டு இழுப்பு இழுத்தேன்.

"என்ன செய்யிறீங்க?"

ஜெசிந்தா கையில் மெழுகுதிரிக் காலோடு நின்றாள். தலை முன்னுக்கு நரைத்திருந்தது. எட்டு வருடமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த வசனம் எல்லாம் போய்விட்டது.

"பேரை அழிக்கிறன்" என்றேன். "என்ர பேரை. பிழை விட்டிற்றன் ஜெசி."

"நிப்பாட்டுங்க."

"இல்ல, நான் இதுக்கெண்டுதான்..."

"நிப்பாட்டுங்க எண்டு சொல்றன்! உங்களுக்கு எல்லாத்திலயும் அவசரம். போடவும் அவசரம், அழிக்கவும் அவசரம்." என் கையிலிருந்த சாண்ட் பேப்பரைப் பிடுங்கினாள். பிறகு தன் வழக்கமான இடத்தில், என் பக்கத்தில், உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"முதல் ரெண்டு வருஷம் நானே அழிக்கப் பார்த்தனான்" என்றாள். "கொண்டை ஊசியால சுரண்டினன். அசையேல்ல. நல்ல பெயின்ட்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"பூசைக்கு வந்தா முன்னுக்கு உங்கட பேர். கண்ணத் திறந்தா உங்கட பேர். எவ்வளவு காலத்துக்குத் திட்டுறது அண்ணா? களைச்சுப் போனன். ஒரு நாள், சரி, இவருக்கும் ஏதாவது நல்லதக் குடும் ஆண்டவரே எண்டு சொல்லிப்போட்டன். பிறகு அது பழகிற்று. உங்களுக்கு ஒப்பரேஷன் எண்டு கேள்விப்பட்ட கிழமை ஒவ்வொரு நாளும் வந்து இதில கைய வைச்சுக்கொண்டு இருந்தனான். கோல் எடுக்க வெட்கமா இருந்தது. இதில கை வைக்க வெட்கமில்ல."

அவள் கை தானாகப் போய்ப் பலகையில் பதிந்தது. "மரியதாஸ்" மேல் சரியாக, ஒரு எழுத்தும் மிச்சமில்லாமல். மட்டமான பெயின்ட் என்று நான் திட்டிய இடம் அது.

நான் அழுதேன். ஐம்பத்தெட்டு வயதில், மூக்குச் சிந்தச் சிந்த அழுதேன். அவளும் அழுதாள். துடைக்க ஒன்றும் இல்லாமல் சாண்ட் பேப்பரைப் பார்த்து இருவரும் சிரித்தோம்.

அப்போதுதான் கீழே பார்த்தேன். எங்களுக்கு முன்னால் இருந்த முழங்கால் பலகை மேலே மடித்து வைக்கப்பட்டிருந்தது. "இதில நீ முழந்தாளிடுறேல்லையா?"

"அம்மாட பேருக்கு மேலயா?" என்றாள். "நான் நிலத்திலதான். ஆரும் பக்கத்தில வந்தாலும் மடிச்சுப்போட்டிடுவன்." எட்டு வருடம் வெறும் சீமெந்தில். ஒரு முழங்கால் வீங்கியிருந்தது.

ஹாட்வெயார் கடைக்காரர் பெரிய தீர்க்கதரிசி. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அவள் பலகையைப் பிடிக்க, நான் நாலு திருகாணிகளைக் கழற்றினேன். அம்மாவின் பெயர்ப்பலகையை முதுகுப் பலகையின் உச்சியில், என் பெயருக்கு மேலே வைத்துப் பூட்டினோம். கோணலாகிவிட்டது. கழற்றித் திரும்பவும் பூட்டினோம். மற்றப் பக்கம் கோணலாகியது. "விடுங்க, அம்மாவும் தலையக் கொஞ்சம் சரிச்சுத்தான் இருப்பா" என்றாள் ஜெசிந்தா. முழங்காலுக்குப் புதுப் பலகை அடுத்த கிழமை தச்சர் போடுவார்.

"உங்கட பேர் இருக்கிறபடி இருக்கட்டும்" என்றாள். "எனக்குத் தேவை. ஆனா இந்தக் கதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. அண்ணனோட கோபத்தில இருந்துகொண்டு நற்கருணை எடுத்தவள் எண்டு இந்தப் பங்குச் சனம் வாய் வைக்கும்." சத்தியம் செய்தேன். (இதை எழுத இப்போது அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பெரிய நீளமாக எழுதினால் அங்கே ஒருவரும் வாசிக்கமாட்டார்கள் என்றாள்.)

அவள் வீட்டுக்குப் போய் நெத்தலிப் பொரியலோடு சோறு சாப்பிட்டோம். சொதியில் தேங்காய்ப்பால் தாராளம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். லீனஸை அடியோடு மறந்துவிட்டேன்.

ஞாயிறு காலை கோயில் வாசலில் நினைவு வந்தது. மைக் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த லீனஸிடம் ஓடினேன். "அந்த விசயம்..." என்றேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்து, "பேசப்படாது! இருங்க போய்!" என்று அன்போடு துரத்திவிட்டார்.

நற்கருணை கொடுத்து முடிந்து அறிவிப்பு வந்தது. லீனஸ் தொண்டையைச் செருமினார். "பெயருக்கும் புகழுக்கும் அலைகின்ற இவ்வுலகில், தான் அன்பளிப்புச் செய்த வாங்கிலிருந்து தன் பெயரைத் தன் கையாலேயே முற்றாக அழித்துவிட்ட தாழ்மையின் மறுவடிவம், திரு. ச. பீலிக்ஸ் மரியதாஸ் அவர்கள், டொரொண்டோ, கனடா!"

கைதட்டினார்கள். தட்டிக்கொண்டே திரும்பி வாங்கைப் பார்த்தார்கள். கைதட்டல் வரிசை வரிசையாக நின்றுபோனது. யாரோ ஒரு அக்கா, "பேர் முழுசாக் கிடக்குதே!" என்றா, கோயில் முழுதும் கேட்க.

பொன்னாடையோடு வந்த லீனஸ் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையில் மைக் இருந்தது. "அண்ணே, அழிக்கேல்லையா?"

"இல்ல" என்றேன்.

"ஏன்?"

ஒரு வசனம் போதும். ஒரே ஒரு வசனம் சொன்னால் கோயிலே அழுதிருக்கும். என் பக்கத்தில் ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. வந்த நாளிலிருந்து எடுத்த விரதங்களில் இந்த ஒன்றுதான் உண்மையில் வலித்தது.

"கடைசி நேரத்தில மனசு வரேல்ல போல!" என்று பின்னால் ஒரு ஆண் குரல். கோயில் வெடித்தது. பீடத்தில் இளம் ஃபாதர் குனிந்து செருப்பைப் பார்த்தார், தோள் குலுங்கியது. காது வரைக்கும் சூடாக நின்றுகொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. மூக்கால் ஒருமுறை இழுத்து, பிறகு அடக்கமுடியாமல் கொட்டுகிற சிரிப்பு. ஜெசிந்தாவின் சிரிப்பு. சின்ன வயதில் செபமாலை நேரத்தில் அம்மாவிடம் அடி வாங்கித் தந்த அதே சிரிப்பு. விறைத்துப்போய் நின்ற நானும் சிரித்துவிட்டேன். கொண்டுவந்த பொன்னாடையை என்ன செய்வதென்று தெரியாமல் லீனஸ் என் தோளிலேயே போட்டுவிட்டுப் போனார்.

சனம் கலைந்த பிறகு, முழந்தாளிடப் பலகை இல்லாததால் ஜெசிந்தா என் தோளிலிருந்து பொன்னாடையை உருவினாள். நாலாக மடித்துச் சீமெந்தில் போட்டாள். "வாங்க" என்றாள். ஒரு பாதியில் அவள், மறுபாதியில் நான். கண்ணுக்கு முன்னால் அம்மாவின் பெயர் கோணலாக, அதற்குக் கீழே என் பெயர். அவள் கை போய் அதன் இடத்தில் பதிந்தது.

நானும் அவளுக்காக வேண்டிக்கொள்ள நினைத்தேன். பார்த்து வேண்டிக்கொள்ள அவள் பெயர் எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே திரும்பி அவளையே பார்த்தேன்.

"முன்னுக்குப் பாருங்க அண்ணா" என்றாள், கண்ணைத் திறக்காமலே.